பக்கவாதத்துக்குப் பிறகு தோள் இறங்கியிருக்கிறது, கரண்ட் வைக்கலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. கால் பரவாயில்லை, கைதான் துவண்டே கிடக்கிறது. தோள் எலும்புக்குக் கீழே தொட்டால் விரல் உள்ளே போகிற அளவு பள்ளம், சட்டை மாட்டும்போது வலியில் துடித்துப் போகிறார். பிசியோ கரண்ட் வைக்கலாம் என்கிறார். இடுப்பு வலிக்கு வாங்கிய டென்ஸ் மெஷின் வீட்டில் இருக்கிறது, அதையே வைக்கலாமா?

பதில் 1:
நான் பிசியோதெரபிஸ்ட். டென்ஸ் வலியை மட்டுப்படுத்தத்தான், உங்கள் பிசியோ சொல்வது தசையையே சுருங்க வைக்கிற கரண்ட். கை எலும்பைக் குழியில் பிடித்து வைத்திருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸும் (தோள்பட்டை எலும்பின் மேலே இருக்கும் தசை) டெல்டாய்டின் (தோளை மூடியிருக்கும் தசை) பின்பகுதியும் தளர்ந்துவிட்டதால் கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கிறது, அதனால் கரண்ட் கொடுக்கும் பேடுகளை அந்த இரண்டு இடத்திலும் வைப்போம், பெரும்பாலும் 30 முதல் 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை துடிப்பு. கரண்ட் சரியான தசையில் விழுந்தால் பள்ளம் மூடுவது கண்ணுக்கே தெரியும். தோள் காதை நோக்கி ஏறினால் கரண்ட் கழுத்திலிருந்து தோளுக்கு வரும் ட்ரபீசியஸ் தசைக்குப் போகிறது, பேடை நகர்த்த வேண்டும். 1994இல் வந்த ஒரு ஆய்வில் 6 வாரம், நாளுக்கு 6 மணி நேரம் வரை படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தார்கள், அதனால் எப்போதாவது பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே தொடங்கினால் மூட்டு இறங்குவதைத் தடுக்க உதவும், பல மாதம் கழித்துத் தொடங்கினால் அவ்வளவு பலன் தராது. வலி போய்விடும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். 2000இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்விலும் வலியில்லாமல் கையை வெளிப்பக்கம் திருப்ப முடிகிற அளவு கூடியது, வலி குறைந்ததற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

பதில் 2:
என் மாமியாரைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன். கரண்ட் ஒரு பக்கம் இருக்கட்டும், யாரும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கவோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ விடாதீர்கள், உதவிக்கு வருகிற சொந்தக்காரர்கள்தான் முதலில் அதைச் செய்வார்கள். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். சட்டையை விழுந்த கையில் முதலில் மாட்டுங்கள், கழற்றும்போது அந்தக் கை கடைசியில்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. கரண்ட் வைக்கத் தடையாக இதயத்தில் பேஸ்மேக்கர் எதுவும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தடவை வலிப்பு வந்தது.

பதில் 1:
அப்படியானால் நரம்பியல் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம், பிசியோவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் தொடு உணர்வு குறைந்திருந்தால் சுட்டாலும் அப்பாவுக்குத் தெரியாது, பேடை எடுத்ததும் தோலை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.