மலாயாவில் காலமான அப்பப்பாவின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

செரம்பான் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பப்பா எஃப்.எம்.எஸ். (மலாயா கூட்டு மாநிலங்கள்) ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பது நிச்சயம். எந்த ஊர் என்று கேட்டால்தான் வீட்டில் ஆளுக்கொரு பதில். பெரியப்பா இருந்தவரை "ஜாப்னாதான், வேறென்ன" என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்பப்பா போனபோது என் அப்பா கைக்குழந்தை.

அப்பாச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு தாள் கிடைத்தது. அச்சடித்த சிறு புத்தகத்தின் நடுப் பக்கம், சுற்றிலும் கறுப்புக் கரை. மேல் பாதி கிழிந்துவிட்டது. மிஞ்சியதில் "விக்கிரம வருடம் மாசித் திங்கள்" என்றும் "பூர்வபக்கத் தசமி" என்றும் வாசிக்க முடிகிறது. அதற்கடுத்த வரியில் "மருதடி" என்று ஒரு சொல். பின்பக்கத்தில் "மனைவி புலம்பல்" என்ற தலைப்பும், பூச்சி அரித்தது போக மீதிப் பாட்டும் இருக்கின்றன.

இன்னொன்று அப்பாச்சி வாய்வழியாகச் சொன்னது. அப்பப்பாவின் தமக்கை ஒருவர் வேதக்காரராகி (கிறிஸ்தவராகி), சிங்கப்பூரில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானாராம். பெயர் யாருக்கும் நினைவில்லை.

இங்குள்ள மயானத்தில் விசாரித்தேன். அவ்வளவு பழைய பதிவு எதுவும் இல்லை என்றார்கள். தகனம் செய்ததால் கல்லறையும் கிடையாது. 1940-இல் இறந்தார் என்று அத்தை சொல்கிறார். பழைய செய்தித்தாள்களை இணையத்தில் அந்த ஆண்டு முழுக்கத் தேடியும் ஒன்றும் வரவில்லை. மருதடி என்று யாழ்ப்பாணத்தில் ஊர் ஏதும் இருக்கிறதா? வேறு எங்கே தேடலாம்?


பழைய விதானை எழுதியது:

பிள்ளை, நல்ல சாமான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள். அது கல்வெட்டின் பக்கம். கோயில் சுவரை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் மோசம்போனால் (இறந்தால்) முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்கிற கிரியைகள் முடிய ஒரு சிறு புத்தகத்தை வாசித்து, வந்தவர்களுக்கும் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். மலாயாவில் செத்தவருக்கும் ஊரில் அச்சடிப்பார்கள். உடலை எரிக்கிற சைவக் குடும்பங்களுக்குக் கல்லறைப் பதிவு எங்கே இருக்கும்? இந்தப் புத்தகம்தான் பதிவு.

நீங்கள் வாசித்த வரிகள் திதி வெண்பாவில் உள்ளவை. வருஷத் திவசம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஆண்டு, மாதம், பக்கம், திதி நான்கையும் வெண்பாவில் வைத்துப் பாடிவிடுவார்கள். விக்கிரம வருடம் 1940 சித்திரையில் தொடங்கியது. ஆனால் மாசி அந்த வருடத்தின் கடைசிக்கு முந்தின மாதம். ஆகவே இங்கிலீஷ் கணக்கில் அது 1941 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. பூர்வபக்கம் என்றால் வளர்பிறை. அந்த மாசியில் அமாவாசை பிப்ரவரி 26 அளவில் வந்தது, ஆகவே தசமி மார்ச் 7 அல்லது 8. அத்தை சொல்வதும் ஒரு வகையில் சரிதான், அவர் தமிழ் வருடத்தைச் சொல்கிறார். தேடுகிறவர்கள் 1941-ஐத் திறக்க வேண்டும். இந்த வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1880-இலும் ஒரு விக்கிரம வந்தது, 2000-இலும் வந்தது. உங்கள் அப்பாவின் வயதை வைத்துப் பார்த்தால் இதில் குழப்பம் வராது.

மருதடி ஊர் இல்லை, பிள்ளையார். மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயில். சித்திரை வருடப்பிறப்பன்று தேர் ஓடும். "மருதடியான் தாளிணை சேர்ந்தான்" என்கிற மாதிரி ஊர்த் தெய்வத்தின் அடியில் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வெண்பா பாடுகிறவர்களின் வழக்கம். எனவே மானிப்பாய்த் தொடர்பு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பொறுங்கள். அது அவர் பிறந்த ஊர் என்று இப்போதே வம்ச மரத்தில் எழுதிவிட வேண்டாம். எங்கள் வழக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டுப் பக்கம் போய்க் குடியிருப்பது சாதாரணம். கல்வெட்டும் அந்த வீட்டிலேயே வாசிக்கப்படும், வெண்பாவில் வருகிற கோயிலும் அந்த வீட்டாரின் கோயிலாக இருக்கலாம். மருதடியான் உங்கள் அப்பப்பாவின் பிள்ளையாரா, அப்பாச்சியின் பிள்ளையாரா என்பதுதான் இப்போது கேள்வி.

புலம்பல் பகுதியையும் அளவாக நம்புங்கள். புலவருக்குக் காசு கொடுத்துப் பாடுவித்தது அது. எதுகைக்காக ஆளின் பெயரையே வளைத்திருப்பார். சில கல்வெட்டுகளில் வம்சாவளி என்று தனிப் பக்கம் இருக்கும், அதை வீட்டுக்காரரே எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் கிடைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. நூலகம் இணையத்தளத்தில் (நூலகம் என்பதே அதன் பெயர், 2005-இல் தொடங்கியது) நினைவு மலர்களும் கல்வெட்டுகளும் நிறைய ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆளின் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட மானிப்பாய் என்று ஊரைப் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, 1995-இல் போரால் சனம் பெட்டி படுக்கையோடு ஓடியது, இவ்வளவுக்கும் பிறகு ஒரு கல்வெட்டு தப்பியிருக்கிறது என்றால் யாரோ வீட்டுச் சாமி அறையில் வைத்திருந்ததால்தான்.

அப்பப்பாவின் இறப்பு இலங்கையில் பதிவாகியிருக்காது. அவருடைய தாய் தகப்பன், ஊரில் இருந்த சகோதரங்கள் ஆகியோருடைய பதிவு இருக்கலாம். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இறப்பைப் பதிகிற முறை தொடங்கிவிட்டது. மானிப்பாய்க்குச் சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகம். அத்தாட்சிப் பத்திரத்தில் செத்தவரின் பெற்றோர் பெயருக்கும் அறிவித்தவரின் பெயருக்கும் இடம் உண்டு. அந்த அறிவித்தவரை விட்டுவிடாதீர்கள். மகனோ மருமகனோ பெறாமகனோ, உறவுமுறையோடு ஒரு ஆள் அங்கே கிடைப்பார்.

ஒரு எச்சரிக்கை. நான் விதானை (கிராமத் தலைமை அலுவலர்) வேலை பார்த்த காலத்தில் மரண வீட்டில் போய்ப் பெயர் கேட்டால் "எங்கட சின்னத்துரை அண்ணை" என்பார்கள். பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் ஆள் வைத்திலிங்கம். சின்னத்துரையை ஊருக்கே தெரியும், வைத்திலிங்கத்தை மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆகவே ஒரு ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தேடுங்கள்.


தோ பாயோ வாசகன் எழுதியது:

விதானை ஐயா தேதியைக் கொடுத்துவிட்டார், இனி செய்தித்தாள் வேலை சுலபம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிப்யூன் இரண்டையும் பாருங்கள். அன்று அது ஒரே மலாயா, செரம்பான் மரணமும் சிங்கப்பூர்த் தாளில் வரும். டிரிப்யூனை முதலில் திறப்பேன், ஆசியர் வீட்டுச் செய்திகளுக்கு அதில்தான் இடம் அதிகம். தமிழ் முரசு 1935-இல் தொடங்கியது, அதையும் ஒரு கண் பாருங்கள்.

பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். கந்தையா என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் கே போட்டும் எழுதியிருப்பார்கள், சி போட்டும் எழுதியிருப்பார்கள், நடுவில் ஐ ஒருமுறை, ஒய் ஒருமுறை. தகப்பன் சின்னத்தம்பி என்றால் முதலெழுத்து எஸ் ஆகவும் இருக்கும், சி ஆகவும் இருக்கும். போதாததற்கு மங்கிய அச்சைக் கணினி தப்பாக வாசித்து வைத்திருக்கும். செரம்பான், ரயில்வே, ஜாப்னா என்ற சொற்களைப் போட்டு, தேதியை 1941 மார்ச் மாதத்துக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். அதிலும் வராவிட்டால் மார்ச் 8 முதல் ஒவ்வொரு நாளும் அறிவிப்புப் பத்தியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஏப்ரல் தொடக்கத்தையும் பாருங்கள், நன்றி அறிவிப்பு அப்போது வரும். அறிவிப்பின் கடைசியில் "இலங்கைப் பத்திரிகைகள் எடுத்துப் போடவும்" என்று ஒரு வரி இருந்தால் உங்களுக்கு யோகம். அதே செய்தியை யாழ்ப்பாணத்து இந்து சாதனம் பத்திரிகையிலும் தேடலாம்.

இன்னும் ஓராண்டு கழித்து இறந்திருந்தால் கஷ்டப்பட்டிருப்பீர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நின்றுபோனது. 1945 செப்டம்பரில்தான் மறுபடி வந்தது.

தமக்கை கிறிஸ்தவர் என்பதால் பிடாடாரி கல்லறைத் தோட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1972-இல் அதை மூடிவிட்டார்கள், 2000-களில் தோண்டி எடுத்து இப்போது அடுக்குமாடி வீடுகள். கல்லைப் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் மரண அறிவிப்பில் ஊர்வலம் எந்த வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் பிடாடாரிக்குப் புறப்படும் என்று எழுதுவார்கள். அந்த வீட்டு முகவரியை வைத்துத் திருச்சபையைப் பிடிக்கலாம், திருச்சபையைப் பிடித்தால் அடக்கப் பதிவேட்டைக் கேட்கலாம்.


பழைய விதானை எழுதியது:

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமக்கை வேதத்துக்கு மாறியவர் என்றால் பெயரும் மாறியிருக்கும். மானிப்பாய்ப் பக்கம் அமெரிக்கன் மிஷன் வேரூன்றிய இடம், டாக்டர் கிறீன் வைத்தியம் பார்த்ததும் படிப்பித்ததும் அங்கேதான். மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரையே வைத்த காலமும் உண்டு. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரத்தை பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்றுதான் உலகம் அறியும். பதிவேட்டில் கிங்ஸ்பரி என்று கண்டால் சிறுப்பிட்டி என்று யாருக்குத் தோன்றும்? ஞானஸ்நானப் பதிவில் பழைய பெயரோ தகப்பன் பெயரோ இருக்கும், அடக்கப் பதிவிலிருந்து அங்கே பின்னால் போக வேண்டும்.


ஸ்காபரோ மலர் எழுதியது:

தங்கச்சி, எல்லோரும் 1941-க்கே போகிறார்கள். நான் இன்றைய மரண அறிவித்தல்களிலிருந்து பின்னால் போகச் சொல்வேன். எங்கள் அறிவித்தல்கள் எல்லாம் ஒரே வாய்பாடு: "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட", பிறகு "அன்னார் காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும்", பிறகு மருமகளும், மனைவியும், தாயாரும், சகோதரியும், மைத்துனியும் என்று நீண்டுகொண்டே போகும். வாசிக்கிறவர்களுக்கு அலுப்பு, எங்களுக்குப் பொக்கிஷம். பரம்பரைப் பெயர் இல்லாத நமக்கு, தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற நமக்கு, ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கிடைக்கிற இடம் வேறு இல்லை.

நான் என் அம்மம்மாவின் ஆட்களைத் தேடியபோது பெற்றோர் பெயரைவிட மைத்துனர், சகலன், சம்பந்தி என்று பக்கவாட்டில் வருகிற பெயர்கள்தான் வழி காட்டின. பெற்றோர் பெயர் கந்தையா, பொன்னம்மா என்று ஆயிரம் வீட்டில் இருக்கும். கந்தையாவின் சகலன் மயில்வாகனம், அவர் மலாயன் பென்சனியர் என்று சேர்ந்து வந்தால் அது ஒரே ஒரு வீடுதான். மலாயாவில் வேலை செய்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். எண்பது, தொண்ணூறு வயதில் இப்போது காலமாகிறவர்களின் அறிவித்தலில் "காலஞ்சென்ற இன்னார் (மலாயன் பென்சனியர்)" என்று தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வரும். மானிப்பாய் என்ற சொல்லோடு அதைச் சேர்த்துத் தேடுங்கள்.

கண்டுபிடித்ததும் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர், ஊர், பிள்ளைகள் எல்லாவற்றையும் பொதுவில் மரம் வரைந்து போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதனால் பெரிய மனஸ்தாபம் வந்தது.


செரம்பான் பேத்தி எழுதியது:

கிடைத்துவிட்டது! 1941 மார்ச் இரண்டாம் வாரத்துத் தாளில் சின்ன அறிவிப்பு. பெயரில் இரண்டு எழுத்து பிழை, ஆனால் ரயில்வே, செரம்பான், மனைவி பெயர் எல்லாம் சரி. இலங்கைப் பத்திரிகைகள் எடுத்துப் போடவும் என்ற வரியும் இருக்கிறது. அதில் மானிப்பாய் வரவே இல்லை. "சுதுமலை இன்னாரின் சகோதரர்" என்று அண்ணன் ஒருவரின் பெயர் மட்டும் இருக்கிறது. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். சுதுமலை என்றதும் "அது அப்பா ஊர்க் கோயில் பெயர் மாதிரி இருக்கே" என்றார். இத்தனை நாள் அதைச் சொல்லவே இல்லை! விதானை ஐயா, அப்படியானால் மருதடிப் பிள்ளையார் அப்பாச்சி வீட்டுப் பக்கமா?


பழைய விதானை எழுதியது:

அப்படித்தான் தெரிகிறது பிள்ளை. சுதுமலையில் அம்மன் கோயில் பெயர் போனது, அத்தை கேட்டது அதுவாக இருக்கும். சுதுமலை மானிப்பாய்க்குப் பக்கத்து ஊர்தான், சைக்கிளில் ஒரு மிதி. அதுவும் சண்டிலிப்பாய்ப் பிரிவுக்குள் வருகிறது, ஆகவே அலுவலகம் மாறாது. அந்த அண்ணனின் இறப்புப் பதிவைக் கேளுங்கள், பெற்றோர் பெயர் அதில் வரும். அப்பாச்சியின் பெட்டியில் பழைய உறுதி (காணிப் பத்திரம்) ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். சீதன உறுதி என்றால் கொடுத்த தாய் தகப்பன் பெயரும் காணியின் பெயரும் எழுதியிருக்கும். எழுத்து விளங்காவிட்டால் படம் எடுத்து இங்கே போடுங்கள். உறுதி எழுதுகிற நொத்தாரிசுமாரின் கையெழுத்தை வாசித்து வாசித்தே கண்ணாடி போட்டவன் நான்.