காட்டு அதிமதுரம் விதை முளைக்கவில்லை, எங்கே தப்பு?

புதுநாற்று:
'காட்டு அதிமதுரம்' என்று போட்டிருந்த விதைப் பாக்கெட் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் அஸ்ட்ராகலஸ் கிளைசிபில்லோஸ் என்று இருந்தது. 20 விதை போட்டு ஐந்து வாரம் ஆகிறது, இரண்டுதான் தலைகாட்டியிருக்கின்றன. மண்ணைக் கிளறிப் பார்த்தால் மற்றதெல்லாம் போட்டது போட்டபடி, கல் மாதிரி கிடக்கின்றன. அழுகக்கூட இல்லை. முளைத்த இரண்டையும் பெரிய தொட்டிக்கு மாற்றலாமா? வேரை எத்தனை வருஷத்தில் எடுக்கலாம்? இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளத்தான் வளர்க்கிறேன்.

வேர்முடிச்சு:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இது அதிமதுரம் இல்லை. இரண்டும் அவரைக் குடும்பம், அவ்வளவுதான் உறவு. கிரேக்கத்தில் கிளைகிஸ் என்றால் இனிப்பு, பில்லோன் என்றால் இலை. பெயரே இனிப்பை இலைக்குத்தான் கொடுத்திருக்கிறது, வேருக்கு அல்ல. அந்த இலையும் கடித்ததும் லேசாக இனிக்கும், அடுத்த நொடி கசப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் பெயர் வைத்தவர் அந்த முதல் நொடியோடு துப்பிவிட்டார் போல!

விதையில் கோளாறு இல்லை. மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் ஒரே மழைக்கு எல்லாம் முளைத்து வெயிலில் சாகாமல், வருஷத்துக்குக் கொஞ்சமாக முளைக்க அதுதான் காவல். கிடக்கும் 18 விதைகளையும் பொறுக்கிக் கழுவுங்கள். இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே வைத்து, பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். பருப்பு தெரியும்படி தேய்த்தால் போச்சு. வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் உப்பியதை விதையுங்கள், உப்பாததை இன்னொரு தரம் தேயுங்கள்.

பெரிய தொட்டி வேண்டாம். ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிறகு அசைத்தால் பிடிக்காது. என்னுடைய முதல் செடியை இரண்டாம் வருஷம் இடம் மாற்றினேன். பத்து நாள் வாடி நின்றது, அப்புறம் இல்லை. அதனால் இப்போதே, மண் உதிராமல், கடைசி இடத்திலேயே நட்டுவிடுங்கள். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் காட்டோரத்தில், சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் தானாக வளர்வது இது. அரை நிழல் தாங்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது. தண்டு கணுவுக்குக் கணு வளைந்து, தரையோடு ஒரு மீட்டருக்கு மேலும் படரும், இடம் விடுங்கள். யூரியா போடாதீர்கள். வேரில் இருக்கும் குட்டி உருண்டைகளான வேர்முடிச்சைக் கிள்ளிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது என்று அர்த்தம். குளிர்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும்.

தேன்கூடு:
பூவையும் சொல்லுங்கள் ஐயா! பச்சை கலந்த வெளிர் மஞ்சள், தூரத்திலிருந்து கண்ணுக்கே படாது. ஆனால் கோடையில் பெரிய வண்டுத் தேனீக்கள் விடுவதில்லை. பிறகு குட்டி வாழைச் சீப்பு மாதிரி வளைந்த காய்கள். இலையில் தேநீர் போடுவார்களாமே, குடிக்கலாமா?

வேர்முடிச்சு:
ஐரோப்பாவில் சில இடங்களில் போடுவார்கள். பல்கேரிய நாட்டு வைத்தியத்தில் ரத்த அழுத்தத்துக்கும், சிறுநீர் பிரியவும் கொடுப்பது உண்டு. வேடிக்கை என்னவென்றால், நிஜ அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்! நான் மருந்தாகக் குடிப்பதில்லை, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அஸ்ட்ராகலஸ் என்ற இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய 3,000 இனங்கள். வட அமெரிக்காவில் மாடு, குதிரைகளைப் பித்துப் பிடிக்க வைக்கும் இனங்களும் இதில்தான் வருகின்றன. கடையில் அஸ்ட்ராகலஸ் வேர் என்று விற்பதும் வேறு, அது ஹுவாங் சி என்ற சீன மருந்து வேர், இதே பேரினத்தின் இன்னொரு இனம்.

புதுநாற்று:
தேய்த்து ஊறவைத்தேன். காலையில் 18-இல் 11 உப்பியிருந்தன, ஒன்றிரண்டு இரண்டு மடங்கு. இருமலுக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் ஐயா. செடி இருக்கட்டும்.