மறதி வந்த பாட்டிக்கு எந்தப் பாட்டு போடலாம்?

மூடுபனி (கோத்தகிரி):
பாட்டிக்கு 80 வயது, டிமென்ஷியா. சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று ஒரே பரபரப்பு. போனில் பழைய பாட்டு போட்டால் கொஞ்ச நேரம் கேட்கிறார், பிறகு எரிச்சல். எங்கே தப்பு?

தேயிலைப்பூ:
"பழைய பாட்டு" என்று பொதுவாகப் போடாதீங்க. ஆழமாகப் பதிவது பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள் கேட்டவை. இவருக்கு 1955–75. வளர்ந்த இடமும் முக்கியம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர் என்றால் இலங்கை வானொலியில் அப்போது ஒலித்தவை. நீலகிரியின் படுகர் சமூகம் என்றால் முதலில் படுகப் பாட்டு, சினிமா அப்புறம். 20 பாட்டு தாராளம். ஒவ்வொன்றாகப் போட்டு முகத்தைப் பாருங்க. கால் தாளம் போட்டால், உதடு அசைந்தால் வைங்க. கண் கலங்கினால் உடனே நிறுத்த வேண்டாம், கையைப் பிடித்துக்கோங்க. பதற்றம் கூடினால் மட்டும் அந்தப் பாட்டை எடுத்துடுங்க.

ரேடியோபெட்டி:
எரிச்சலுக்குக் காரணம் நடுவில் வரும் விளம்பரமாக இருக்கலாம். பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி ஸ்பீக்கரில் போடுங்க. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது சத்தத்தைக் கூட்டாதீங்க, ஸ்பீக்கரை அவருக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குக் கொண்டு வாங்க. டிவி அணைந்திருக்கணும். பரபரப்பு 5 மணிக்குத் தொடங்கும் என்றால் 4.30க்கே ஆரம்பிச்சு அரை மணி நேரம். ரீமிக்ஸ் வேண்டவே வேண்டாம்.

மூடுபனி:
அவருடைய கேசட்டுகள் பெட்டியில் இருக்கு. டேப்பில் வெள்ளையா பூத்திருக்கு, போடலாமா?

ரேடியோபெட்டி:
பூஞ்சணம், நம்ம ஊர் ஈரத்துக்குச் சகஜம். போட்டால் பிளேயரில் டேப் உரசும் ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுக்கும் பரவும். உறையில் இருக்கும் பாட்டுப் பெயர்களை எழுதிக்கோங்க. தேடுற பட்டியல் அதுதான்.