ஸ்பிட்ஃபயர் 1500: த்ரஸ்ட் வாஷர் எப்படிப் போடலாம்?

நண்பர்களே, 1978 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 காரின் இன்ஜின். கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் இரண்டையும் புதிதாக, ஸ்டாண்டர்டு தடிமனில் போட்டும், டயல் கேஜில் கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.30 மி.மீ. காட்டுகிறது, இருக்க வேண்டியது 0.10–0.20. கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படுவதால் தேய்வது பின் வாஷர்தான். இதில் அந்த வாஷர் உரசும் கிராங்க் முகமும் சேர்ந்து தேய்ந்திருக்கிறது. கீறல் இல்லை.

பின்னால் மட்டும் 0.005 இன்ச் (0.127 மி.மீ.) கூடுதல் தடிமனுள்ள ஓவர்சைஸ் வாஷர் போட்டால் 0.17 வரும். இரண்டு பக்கமும் போட்டால் 0.05, இறுகிவிடும், ஒன்றின் எஃகு முதுகை மட்டும் கண்ணாடிமேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து 0.12க்குக் கொண்டுவரலாம். எது நல்லது?

இதில் அரைவட்ட வாஷர் பிளாக் (இன்ஜினின் உடல்) பக்கம் மட்டும்தான். ரொம்பத் தேய்ந்தால் கழன்று சம்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) விழும், அப்புறம் பிளாக்கே போச்சு. ரியர் மெயின் கேப்பிலும் (கிராங்கின் கடைசி பேரிங்கைக் கீழிருந்து பிடிக்கும் மூடி) நகராமலிருக்க சிறு உலோகப் பின் (pin) வைத்து அரை வாஷர் பொருத்தியவர்கள் இருந்தால், பின்னின் விட்டமும் ஆழமும் சொல்லுங்கள். (வாஷரிலுள்ள ஆயில் காடி, அதாவது எண்ணெய்ப் பள்ளம், கிராங்கைப் பார்த்துத்தான் இருக்கிறது, அதைச் சரிபார்த்தாயிற்று.)