மாமியார் தந்த பெட்டி: ஒரே ஆளுக்கு மூன்று பெயர், ஒரு காணாமல்போன தங்கை

மினசோட்டா மருமகள்:
என் கணவர் வீட்டார் நார்வே வழி. கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா 1868-ல் கப்பலேறி வந்து மினசோட்டாவின் ஓட்டர் டெயில் கவுண்டியில் 160 ஏக்கர் ஹோம்ஸ்டெட் நிலம், அதாவது குடியேறி உழுபவருக்கு அரசு கொடுத்த நிலம், பெற்றவர். மாமியார் சின்ன வீட்டுக்கு மாறும்போது ஒரு தகரப் பெட்டியை என் கையில் கொடுத்து, "உனக்குத்தான் பொறுமை அதிகம்" என்றார். உள்ளே நாற்பது கடிதங்கள் இருக்கும், எல்லாம் நார்வே ஊரிலிருந்து, கப்பலேறி வந்த அந்தப் பெரியவருக்கு வந்தவை. அட்டை கிழிந்த ஒரு பாட்டுப் புத்தகம், நாலாக மடித்த ஒரு தேவாலயச் சபைச் சான்றிதழ், நிலப் பத்திரம். வீட்டில் யாருக்கும் நார்வேஜியன் வராது. என் கணவருக்குத் தெரிந்ததெல்லாம் "உஃப் டா" (நம் "அடடா" மாதிரி) ஒன்றுதான்.

கடிதங்களை ஸ்கேன் செய்து பழைய கையெழுத்தைப் படித்துத் தரும் டிரான்ஸ்கிரிபஸ் மென்பொருளில் போட்டு ஓட்டை ஒடிசலாகப் படித்தேன். குழப்பம்தான் மிச்சம்.

சான்றிதழில் அவர் பெயருக்குப் பின்னால் ஹௌகன் என்று இருக்கிறது. கடித உறைகளில் பக்கன். நிலப் பத்திரத்தில் லார்சன். ஒரே ஆளா, மூன்று பேரா?

அவருடைய அம்மா 1882-ல் "3. 7br" அன்று இறந்ததாக ஒரு கடிதம். ஜூலை 3 என்று குறித்துக்கொண்டேன். ஆனால் அதே வருடம் "14/8" தேதியிட்ட கடிதத்தில் அம்மா உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள்! சித்தி யாராவது இருந்தாளா?

இன்னொன்று: டாக்ரூஸ் என்று ஒரு தங்கை. கடிதத்துக்குக் கடிதம் அவளைப் பற்றிப் பேச்சு. குளிர்காலத்தில் இளைத்துவிட்டாள், இப்போது தேறிவிட்டாள் என்று. சகோதரர்கள் பட்டியலில் மட்டும் அவள் பெயர் எங்குமே இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டாளோ என்று மனசு கேட்கவில்லை.

பழங்காகிதம்:
சகோதரி, முதலில் கெட்ட செய்தி. டாக்ரூஸ் பசு. அந்தக் காலத்து நார்வே பண்ணைகளில் பசுவுக்கு வழக்கமாக வைக்கும் பெயர் அது.

இனி பெயர்க் கணக்கு. ஒரே ஆள்தான். நமக்கு இனிஷியல் இருப்பதுபோல அவர்களுக்கு அப்பா பெயர். லார்ஸின் மகன் லார்சன், மகள் லார்ஸ்டாட்டர். ஹௌகன், பக்கன் இரண்டும் பண்ணைகளின் பெயர், கிட்டத்தட்ட விலாசம். ஹௌகனில் இருந்தவர் பக்கனுக்குக் குடிபோனால் பின்பெயரும் பக்கன் ஆகிவிடும். ஹௌகன் என்றால் மேடு, பக்கன் என்றால் சரிவு. மலைநாட்டில் மேட்டுக்கும் சரிவுக்கும் பஞ்சமா, இந்தப் பெயரில் எக்கச்சக்கமான பண்ணைகள் உண்டு. அதனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் வேறு யாருடைய தாத்தாவையோ வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவீர்கள். எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்ததே 1923-ல்தான்.

பேரன், அதாவது பெயரைச் சுமப்பவன், என்ற நம் சொல்லுக்கு அங்கே அப்படியே நடைமுறை உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர். குழந்தை இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயர். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் ஏதோ எழுத்துப்பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

7br என்பது செப்டம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. அதேபோல 8br அக்டோபர், 9br நவம்பர், 10br டிசம்பர். ஆக ஆகஸ்டில் காலுறை பின்னிய அம்மா செப்டம்பரில் இறந்திருக்கிறாள். சித்தி இல்லை. 4/11 என்று இருந்தால் நவம்பர் 4. அமெரிக்கப் பழக்கத்தில் ஏப்ரல் என்று படித்துவிடாதீர்கள்.

அந்தச் சான்றிதழ்தான் உங்கள் பெட்டியிலேயே பெரிய சொத்து. ஊரை விட்டுப் போகிறவருக்குச் சபை குரு எழுதிக் கொடுப்பது. பிறந்த நாள், அம்மை குத்தியது, திடப்படுத்தல் சடங்கு எல்லாம் அதில் இருக்கும், சேகரத்தின் (சபை வட்டாரத்தின்) பெயரும் இருக்கும். சேகரம் தெரிந்தால் நார்வே ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவெட் இணையதளத்தில் சபைப் பதிவேடுகளைக் காசில்லாமல் பார்க்கலாம். அவர் 1868-ல் கிளம்பியவர் என்பதால் 1865 டிசம்பர் 31 கணக்கெடுப்பில் இருந்தாக வேண்டும். அதில் ஆட்களோடு மாடு, ஆடு, எவ்வளவு உருளைக்கிழங்கு நட்டார்கள் என்பது வரை எழுதியிருப்பார்கள். பண்ணைப் பெயருக்குப் பின்னால் "eie" என்று ஒட்டியிருந்தால் சொந்த நிலம் இல்லை, பண்ணைக்காரர் இடத்தில் குடிசை போட்டு வேலை செய்து கழித்த குடும்பம்.

கியூபெக் வழி:
நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் இறங்கினார் என்று உங்கள் வீட்டிலும் கதை இருக்குமே? எல்லிஸ் தீவு திறந்ததே 1892. 1860-களில் வந்த நார்வேக்காரர்களில் பெரும்பாலோர் கனடாவின் கியூபெக்கில்தான் இறங்கினார்கள். 1849-ல் பிரிட்டன், வெளிநாட்டுக் கப்பல்களைத் தன் குடியேற்ற நாடுகளின் வணிகத்தில் கட்டுப்படுத்திய சட்டங்களை நீக்கிய பிறகு நார்வே கப்பல்கள் போகும்போது ஆட்களையும் திரும்பும்போது மரத்தையும் ஏற்றின. நியூயார்க் பட்டியலில் தேடித் தேடி நான் ஒரு வருடம் வீணடித்தேன்.

டெக்கோரா தம்பி:
அக்கா, நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். என் மனைவி வீட்டுக் கடிதங்களை உறையிலிருந்து எடுத்து, தேதிவாரியாக அடுக்கி, பசை ஆல்பத்தில் ஒட்டினேன். உறைகளைத் தூக்கிப் போட்டேன். பாதிக் கடிதங்களில் ஊர் பெயர் இல்லை. அது தபால் முத்திரையில் இருந்தது, முத்திரை குப்பையில். ஒட்டியதைப் பிரித்தபோது இரண்டு தாள் கிழிந்தும் போயின. செல்லோ டேப், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். எந்தக் கடிதம் எதனுள் இருந்ததோ அப்படியே வைத்து, பென்சிலால் மட்டும் எண் போடுங்கள்.

எங்கே கொடுக்கலாம் என்றும் ஒருநாள் கேட்பீர்கள். நார்த்ஃபீல்டில் செயிண்ட் ஓலாஃப் கல்லூரியில் நார்வேஜியன்-அமெரிக்கன் ஹிஸ்டாரிக்கல் அசோசியேஷனின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1925-ல் தொடங்கியது, நாவலாசிரியர் ரோல்வாக் அதன் முதல் செயலாளர். சாதாரண விவசாயி வீட்டுக் கடிதமா என்று கூச்சப்பட வேண்டாம், அதற்காகவே ஏற்பட்ட இடம். அயோவா மாநிலத்தில் எங்கள் ஊர் டெக்கோராவில் உள்ள நார்வே-அமெரிக்க வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் பெட்டி, துணிமணி மாதிரி பொருட்கள் பொருத்தம். சும்மா பார்சல் அனுப்பாமல் முதலில் எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்களிடம் இருப்பது பாதிப் பேச்சுதான். அவர் எழுதிய பதில்கள் நார்வேக்குப் போயின. அந்தப் பண்ணையில் இன்றும் யாராவது இருந்தால் அவர்கள் பரணில் மீதிப் பாதி கிடக்கலாம். ஹோம்ஸ்டெட் கோப்பையும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து வரவழையுங்கள். வீடு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதார் என்று சாட்சிகள் சொன்னது இருக்கும். குடியுரிமைத் தாளின் நகலும் இருந்தாலும் இருக்கும்.

மினசோட்டா மருமகள்:
மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்தேன். சான்றிதழின் மேல் மூலையில் நார்வேயின் வால்ட்ரஸ் பகுதியில் ஒரு சேகரத்தின் பெயர். 1865 கணக்கெடுப்பில் "ஹௌகன் eie". அம்மா விதவை. மூன்று பிள்ளைகள். நாலு ஆடு, ஒரே ஒரு பசு. கடிதத்தில் ஏன் அத்தனை முறை அதைப் பற்றி எழுதினார்கள் என்று இப்போது புரிகிறது.

செப்டம்பர் என்று திருத்தியதும் அந்த ஆகஸ்டு கடிதத்தை மறுபடி எடுத்தேன். காலுறை அவருக்காகப் பின்னியதாம், முடித்ததும் யார் கையிலாவது கொடுத்தனுப்புவதாக அண்ணன் எழுதியிருக்கிறார். அடுத்த கடிதம் இறப்புச் செய்தி, அதில் காலுறை பற்றி ஒன்றுமில்லை. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பண்ணைக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். மாதிரி யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.

குடும்ப மரத்திலிருந்து டாக்ரூஸை எடுத்துவிடலாமா என்று மாமியாரிடம் கேட்டேன். "இருக்கட்டும், அவள் பாலில் வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்" என்றுவிட்டார்.