அன்னாசி போட்ட கஸ்டர்ட் கசந்தது: உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறதா?

போன வருடம் மே மாதம் நடந்தது. இப்போதுதான் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. நாத்தனார் பிள்ளைகளோடு விடுமுறைக்குத் திருச்சிக்கு வந்திருந்தார். வெயில் எப்படி இருந்திருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவன், கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசியாக வைப்பார்களே, அந்த ஃப்ரூட் சாலட் செய்து கொடுங்கள் அத்தை என்றான். அது என்ன பெரிய வித்தையா என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் கண் பட்டிருக்க வேண்டும்.

கஸ்டர்ட் காய்ச்சுவதில் எனக்குப் பயம் கிடையாது. ஒரு லிட்டர் பாலில் அரை டம்ளரை ஆற வைத்து அதில் நான்கு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்து, மீதிப் பால் கொதித்ததும் சர்க்கரை போட்டு, அடுப்பைக் குறைத்து, கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். கரண்டியின் முதுகில் பூசினாற்போல நின்றால் போதும், ஆறினால் தானாக இன்னும் இறுகும். ஆறும்போது மேலே ஆடை படியாமல் இருக்க அவ்வப்போது கிண்டிவிடுவேன். இதெல்லாம் சரியாகவே வந்தது.

காந்தி மார்க்கெட்டில் வாங்கிய பழங்கள்: ஆப்பிள், விதையில்லாத பச்சைத் திராட்சை, மாதுளை, மாம்பழம், நல்ல பழுத்த அன்னாசி ஒன்று. அன்னாசி வாசனை வீடு முழுக்க. இரவு ஒன்பது மணிக்கே எல்லாவற்றையும் நறுக்கிக் கஸ்டர்டில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன், காலையில் எழுந்து அவசரப்பட வேண்டாமே என்று. எங்கள் வீட்டுக்காரருக்கு அன்னாசி தின்றால் நாக்கு அறுக்கும், அதனால் அவருக்கு மட்டும் அன்னாசி போடாமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். நிறம் அழகு, குளிர்ச்சி சரியாக இருந்தது. சின்னவள், ஏழு வயது, ஒரு வாய் எடுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அத்தை, இதில் மாத்திரை பொடி பண்ணிப் போட்டீங்களா?" என்றாள். நான் எடுத்து வாயில் வைத்தேன். கசப்பு! பாகற்காய்க் கசப்பு இல்லை, காய்ச்சல் மாத்திரை நாக்கில் ஒட்டிக்கொண்டால் வருமே, தொண்டையில் இறங்கி நிற்கிற அந்தக் கசப்பு. கெட்டியாக இருந்த கஸ்டர்டும் நீர்த்துப் போயிருந்தது.

மாமியார் பால் திரிந்துவிட்டது என்றார். புளிப்பே இல்லையே, எப்படித் திரியும்? பாத்திரத்தில் சோப்பு ஒட்டியிருக்கும் என்றார் நாத்தனார். அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு கதை. கஸ்டர்ட் பவுடர் டப்பாவில் தேதியைப் பார்த்தேன், இன்னும் எட்டு மாதம் இருந்தது. இவ்வளவு கலவரத்துக்கும் நடுவில் எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சத்தமே போடாமல் அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார்! அதே பால், அதே பாத்திரம், அதே பவுடர். அவருடைய கிண்ணத்தில் இல்லாதது அன்னாசி ஒன்றுதான்.

அண்ணன் மகள் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். அன்று இரவே போனில் கேட்டேன். சிரி சிரி என்று சிரித்துவிட்டுச் சொன்னாள்: சூடு படாத அன்னாசியில் புரோமலின் என்று ஒரு நொதி இருக்கிறதாம், அது புரதத்தை வெட்டும். பாலில் இருக்கும் புரதத்தை இரவெல்லாம் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டியிருக்கிறது, அந்தச் சின்னத் துண்டுகளில் சிலவற்றுக்குத்தான் அந்தக் கசப்பு. மாமாவுக்கு நாக்கு அறுப்பதிலும் அதே ஆளுக்குப் பங்கு உண்டு என்றாள். பப்பாளியும் இதே ஜாதிதான். கறி சீக்கிரம் வேக அம்மா பப்பாளிக்காய்த் துண்டு போடுவார், அந்தப் பாப்பைன் செய்கிற வேலையும் இதுவே. கிவிப் பழத்திலும் இப்படி ஒன்று உண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் நொதியின் வேகம் குறையும், நிற்காது. சூடு பட்டால்தான் அடங்கும்.

யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? இல்லை, ஊரிலேயே நான் ஒருத்திதான் மாட்டினேனா?

———

அக்கா, கவலைப்படாதீர்கள், இங்கேயும் ஓர் ஆள் உண்டு. நாங்கள் கீழக்கரைப் பக்கம். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் கஞ்சி இருக்கும், வடை இருக்கும், கூடவே கடல்பாசியை (அகார், சைனா கிராஸ் என்பதும் இதுதான்) உருக்கி உறைய வைத்த இனிப்பு ஏதாவது ஒன்று இருக்கும். பாலில் ஒரு நாள், இளநீரில் ஒரு நாள், ரோஸ் கலர் போட்டு ஒரு நாள். கல்யாணமான முதல் வருடம் புது மாதிரியாகச் செய்கிறேன் பேர்வழி என்று கடையில் விற்கும் ஜெலட்டின் ஜெல்லிப் பாக்கெட் வாங்கிக் கரைத்து, பச்சை அன்னாசி நறுக்கிப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் வைத்தது மறுநாள் விடியலுக்கு முன்பு சஹர் சாப்பிடும் வரைக்கும் தண்ணீராகவே இருந்தது. நீங்கள் சொன்ன காரணம்தான் போல. ஜெலட்டின் புரதம், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் பன்றித் தோலிலும் இருந்து எடுப்பது. அதனால் எங்கள் வீட்டில் பாக்கெட்டைத் திருப்பி ஹலாலா என்று பார்க்காமல் உள்ளே விட மாட்டார்கள், சைவக்காரர்களும் பார்த்து வாங்குங்கள். கடல்பாசி புரதமே இல்லை, நார்ச்சத்து வகை, அதனால் அன்னாசி எவ்வளவு வெட்டினாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. உம்மாவுக்கு நொதி என்றெல்லாம் தெரியாது, "பாசியிலே போட்டிருந்தா உறைஞ்சிருக்குமே" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் கடல்பாசிக்கும் ஒரு கோபம் உண்டு. புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் உறையாது. எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு எதுவானாலும் பாசி உருகி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும்.

எங்கள் அளவு: 10 கிராம் பாசிக்குப் பாலும் தண்ணீருமாக ஒரு லிட்டர். கத்தரித்து அரை மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைத்து, ஒரு நார்கூடக் கண்ணில் படாத வரைக்கும் கரைக்க வேண்டும். பால் சூடாக இருக்கும்போதே அதை வடிகட்டி ஊற்ற வேண்டும். குளிர்ந்த பாலில் ஊற்றினால் நூல் நூலாகத் திரண்டுவிடும். 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறைய ஆரம்பித்துவிடும், ஃப்ரிட்ஜ் குளிர்ச்சிக்கு மட்டும்தான். ஒருமுறை உறைந்ததை மறுபடி உருக்க 85 டிகிரியாவது வேண்டும், அதனால் மே மாத வெயிலில் மேசைமேல் வைத்தாலும் வடிவம் கலையாது. மாம்பழக் கூழ் சேர்க்கிறவர்கள் பால் கொஞ்சம் சூடு தணிந்ததும், உறைய ஆரம்பிக்கும் முன்பு, கலந்துவிடுங்கள்.

இந்தப் பாசியை ஏதோ சீனாச் சரக்கு என்றே பலர் நினைக்கிறார்கள், சைனா கிராஸ் என்ற பெயரால். எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டுமே அகார் எடுக்கும் பாசிகள்தான். பாறையில் விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பார்கள். கிண்ணத்தில் ஆடுகிற பொருளுக்குப் பின்னால் அவ்வளவு பாடு இருக்கிறது.

———

நான் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன். அக்காவுக்குக் கசந்தது, எனக்குக் கொழுக்கட்டை ஆனது. கொதிக்கிற பாலில் பவுடரை நேராகக் கொட்டினேன், பாலில் மஞ்சள் நிறத்தில் சீடைகள் மிதந்தன. கூட இருக்கும் நண்பன் சுத்த சைவம், கஸ்டர்ட் என்றால் முட்டை இருக்குமே என்று தயங்கினான். பவுடரில் இருப்பது பெரும்பாலும் சோள மாவு, நிறம், வெனிலா வாசனை அவ்வளவுதான். 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃப்ரட் பேர்ட் என்பவர் தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால்தான் இந்தப் பவுடரையே உண்டாக்கினார் என்று படித்துக் காட்டினேன். அதன் பிறகு மூன்று சீடை எடுத்துத் தின்றான்.

இரண்டாவது முறை கட்டியில்லாமல் வந்தது, கெட்டியாகவும் இருந்தது. சந்தோஷத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரே ஸ்பூனால் எடுத்து நக்குவதும் மறுபடி அதே ஸ்பூனைப் பாத்திரத்தில் விடுவதுமாக இருந்தேன். சாயங்காலம் பார்த்தால் மோர் மாதிரி ஓடுகிறது! எச்சிலில் மாவை உடைக்கிற நொதி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அமைலேஸ். பரீட்சைக்கு எழுதினேன், வாழ்க்கையில் பயன்படுத்தவில்லை. எச்சில் ஸ்பூன் போடாதே என்று பாட்டி திட்டியபோது கேட்டிருக்கலாம்.

தர்ப்பூசணியைப் போடவே போடாதீர்கள், அரை மணியில் தண்ணீர் விட்டுவிடும். மூன்றாவது முறையில் கற்றுக்கொண்டேன்.

———

எல்லோரும் எழுதுவதைப் படித்தேன். எனக்கு வயது அறுபத்தெட்டு, சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். கஸ்டர்டும் வேண்டாம், கசப்பும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்பு, ஈர மணலில் மண்பானையை வைத்து, ஈரத்துணியைச் சுற்றி, அதற்குள் தூக்குச் சட்டியில் பதநீரை வைப்பார் அம்மா. மதியம் இளம் நுங்கைத் தோல் உரித்து அதில் நறுக்கிப் போட்டுக் கொடுப்பார். இப்போது மகன் வீட்டில் பதநீர் கிடைப்பதில்லை, அதனால் நுங்கு, இளநீர், இளநீர் வழுக்கை, கொஞ்சம் பனங்கற்கண்டு, ஒரு சிட்டிகை ஏலக்காய், எல்லாவற்றையும் கலந்து இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். நுங்கு முற்றினால் ரப்பர் மாதிரி இருக்கும், விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். பேரன் ஐஸ்கிரீம் போட்டுத் தின்கிறான். தின்னட்டும்.

———

எல்லோருக்கும் நன்றி. கீழக்கரைத் தங்கை சொன்ன பாசிக் கதையை நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன், சோப்பு விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறேன்.

இந்த வருடமும் வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தேன், சவாலாகவே. இந்த முறை கஸ்டர்டை மட்டும் இரவே காய்ச்சிக் குளிர வைத்தேன். அன்னாசியைச் சின்னத் துண்டுகளாக்கி இரண்டு கரண்டி சர்க்கரையோடு அடுப்பில் வைத்து, அது விட்ட சாற்றிலேயே ஏழெட்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கினேன். அண்ணன் மகளைக் கேட்டேன், டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அப்படியே போடலாம் என்றாள். எனக்கென்னவோ டின் வாசனை பிடிக்காது. ஆப்பிளை நறுக்கி உப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் கறுக்காது, பிறகு ஒருதரம் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். மாம்பழமும் மாதுளையும் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. வாழைப்பழம் கிண்ணத்தில் போடுகிற நேரத்தில்தான், அதுவும் ரஸ்தாளியாக இருந்தால் கொஞ்சம் காயாகவே எடுக்கிறேன், இல்லாவிட்டால் குழைந்துவிடுகிறது. சர்க்கரையை வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட்டினேன், குளிர்ந்தால் இனிப்பு மட்டுப்படும் என்பதால்.

சின்னவளுக்கு எட்டு வயது ஆகிவிட்டது. கிண்ணத்தை வாங்கி மூக்குக்குக் கிட்டே வைத்து முகர்ந்தாள். "அத்தை, அன்னாசி வெந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தாள். இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் இப்போதும் நம்பவில்லை, அவருக்குத் தனிக் கிண்ணம்தான்.