கரையடியில் கசிவு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மேட்டுக்கரை:
அப்பா காலத்தில் எங்கள் ஏரிக்குப் போட்ட மண் கரை, உயரம் 5 மீட்டர்தான். ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் மதகுக் குழாய் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஈரத்திட்டு இருக்கும். கோடையிலும் அங்கே மட்டும் புல் பச்சையாக நிற்கும். ஊற்று என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தோம். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பார்த்தால் அது ஓட ஆரம்பித்திருந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். லேசாக மங்கல், அவ்வளவுதான். மழைத்தண்ணீர் கலந்திருக்கும் என்று நினைத்தேன். கீழே குடியிருப்பவர் கேட்டதற்கும் "ஒன்றுமில்லை, போய்த் தூங்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காலையில் டம்ளரைப் பார்க்கிறேன்: மேலே தெளிந்த தண்ணீர், அடியில் நகத்தடிமனுக்கு நைசான மண். கரையின் வயிற்றுக்குள்ளிருந்து வந்த மண். அவரைத் தூங்கச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

பழைய மண்வெட்டி:
ரொம்பப் பயப்படாதீர்கள். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். என்னுடையது 20 வருஷமாகக் கசிகிறது. தெளிவாக வருகிறது, அளவும் கூடவில்லை. எனக்கு வந்த வம்பு வேறு. கரைமேல் நின்ற பெரிய மரத்தை வெட்டினேன், வேரைத் தோண்டவில்லை. ஆறேழு வருஷம் கழித்து வெளிச்சரிவில் ஒரு பொந்து. எலி வளை என்று கையை விட்டேன் (பாம்பு இருந்திருந்தால் என்பது அப்புறம்தான் தோன்றியது). முழங்கை வரை போனது. விரல் நுனியில் சில்லென்று தண்ணீர் ஓடுகிறது! வேரின் உள்ளே மக்கிப்போய், தோல் மட்டும் குழாய் மாதிரி மிச்சம். களிமண்ணை வைத்து இடித்து அடைத்தேன். சரியாகிவிட்டது.

நாலுமடை:
"அடைத்தேன், சரியாகிவிட்டது" என்று படித்ததும் எனக்குப் பதறுகிறது. நானும் அதைத்தான் செய்தேன். சிமெண்ட்டைக் குழைத்து வாயில் பூசினேன். மறுநாள் ஏழெட்டு அடி தள்ளி, அதைவிட வேகமாகப் பீறிட்டது. என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தண்ணீரை வெளிப்பக்கத்தில் அடைக்கக் கூடாது. தண்ணீர் போகட்டும், மண்தான் போகக் கூடாது. கசியும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் சரளை, அதற்கும் மேல் கல் என்று அடுக்க வேண்டும். கரை மண்ணுக்கு ஏற்ற மணலாக இல்லாவிட்டால் அதுவும் வீண், அதனால் தெரிந்த பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அடுத்தது, பயந்துபோய் மதகை முழுக்கத் திறந்து ஒரே நாளில் ஏரியை வடித்துவிடாதீர்கள். உள்சரிவு ஊறிக் கிடக்கும்; முட்டுக்கொடுத்த தண்ணீர் போனதும் அப்படியே வழுக்கி இறங்கும். கரை உடைகிற நிலை என்றால் அது வேறு கணக்கு, அப்போது முதல் வேலை கீழே இருப்பவர்களைக் கிளப்புவது. மற்ற நாட்களில் கசிவை ஒரு வாளியில் பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுங்கள். அன்றைக்கு ஏரியில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஏரி ஏறினால் கசிவு ஏறுவது இயல்பு. ஏரி அதே மட்டத்தில் நிற்கும்போது கசிவு மட்டும் கூடினால் அங்கேதான் விஷயம். மண்வெட்டி அண்ணே, உங்கள் பொந்து உள்பக்கம் இன்னும் திறந்தேதான் இருக்கும், போய்ப் பாருங்கள்.

பழைய மண்வெட்டி:
நாலு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை தம்பி.

கலிங்குக்காரன்:
நீங்கள் எல்லாரும் கீழே பார்க்கிறீர்கள், எனக்கு மேலே நடந்தது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்கில், மீன் போய்விடக் கூடாது என்று கம்பிவலை கட்டியிருந்தேன். ஒரு ராத்திரி கொட்டுகிற மழையில் டார்ச் அடித்துப் பார்த்தால், இலையும் சுள்ளியும் வலையில் மெத்தை மாதிரி அப்பிக் கிடக்கின்றன. தண்ணீர் தாண்டவே இல்லை. கரை மட்டத்துக்கு ஒரு சாண்தான் பாக்கி. துறட்டியால் இழுத்தேன், வரவில்லை. கடைசியில் வலையையே அறுத்துவிட்டேன். மீன் எல்லாம் போயிற்று.

அப்புறம்தான் படித்தேன்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை, பணக்காரர்களின் கிளப் ஒன்றுக்குச் சொந்தமானது. அவர்களும் மீனுக்காகக் கலிங்கில் வலை போட்டிருந்தார்கள். தண்ணீரை வடிக்க அணையின் அடியில் குழாய்களும் இல்லை, கரை மட்டத்தையும் தாழ்த்தியிருந்தார்கள். 1889 மே 31 அன்று தண்ணீர் கரைக்கு மேல் வழிந்து அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள்.

பழைய மண்வெட்டி:
அது 20 மீட்டருக்கு மேல் உயரம். நம் கரையோடு அதை ஒப்பிடுவது நியாயமா?

கலிங்குக்காரன்:
சரி, சின்னதாகவே சொல்கிறேன். அமெரிக்காவிலேயே ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் அணை, ஏறக்குறைய 12 மீட்டர், அதுவும் தனியாருடையது. 1977 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டி உடைந்தது, செத்தது 39 பேர். கொலராடோவில் லான் லேக் அணை, 1982, 3 பேர். அங்கே தண்ணீரைத் திறந்துவிடும் அடியிலுள்ள குழாயும் வால்வும் சேரும் இணைப்பில் கசிந்த தண்ணீர்தான் மண்ணை அரித்தது என்று சொல்கிறார்கள். மேட்டுக்கரை, உங்கள் கசிவும் குழாய் ஓரத்தில்தானே?

மேட்டுக்கரை:
ஆமாம், குழாய் ஓரம்தான். தகரக் குழாய். பொறியாளர் வந்தார், குழாய்க்குள் கேமரா விட்டார். நடுவில் துருப்பிடித்து என் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் மேலே மண் இருந்த இடத்தில் வெறும் இருட்டு. பத்து நாளாக மெதுவாக வடித்துக்கொண்டிருக்கிறோம். நேற்றுக் கீழே போய் அந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அன்றைக்கு ராத்திரியே உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

பழைய மண்வெட்டி:
இன்று காலையில் உள்பக்கம் இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் விளிம்பில் ஓர் இடத்தில் சருகு சுழன்றுகொண்டு நிற்கிறது. நாலுமடை தம்பி, அந்தப் பொறியாளரைக் கூட்டி வந்தால் என்னவெல்லாம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்.